மலை வீட்டுச் சவரிமுத்து பேசுதேன்

இதில் ஒரு சிரிப்பு இருக்கிறது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருளுகிற சிரிப்பு. அதை என் கையில்தான் வைத்திருக்கிறேன், ஆனால் இப்போது தரமாட்டேன். கேட்டவுடனே கொடுத்தால் சிரிப்பு தும்மல் மாதிரி, வந்தது, போச்சு. ஊறவிட வேண்டும். என்னுடையது போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஊறுகிறது. அன்றைக்கு அம்மா தன் போனை என்னிடம் நீட்டி, "மிருது, அந்த மலை வூட்டுக்காரரு நம்பர இதுல ஏத்திக் குடு சாமி, பசங்களுக்குப் பாலு கெடைக்குமான்னு கேக்கோணும்" என்றாள். இந்த வீட்டில் போன் சம்பந்தப்பட்டதெல்லாம் என் இலாகா. ஏற்றிக் கொடுத்தேன். 'மலை வீடு சவரிமுத்து' என்று, அடுத்த வாரம் நாங்கள் தங்கப்போகிற வால்பாறை வீட்டுக்காரரின் பெயரைத் தமிழில் அழகாக அடித்து, அதற்குக் கீழே என்னுடைய பழைய போனில் கிடக்கிற சிம்மின் நம்பரைப் போட்டுக் கொடுத்தேன். அவ்வளவுதான் வேலை. அன்றிலிருந்து அந்தப் பழைய போனை இடுப்பில் சொருகிக்கொண்டுதான் திரிகிறேன், குளிக்கப் போனால்கூட வாளிக்குப் பக்கத்தில் இருக்கும். இப்போது மத்தியானம். தாராபுரத்துப் பங்குனி வெயில் மொட்டை மாடியை வறுத்துக்கொண்டிருக்கிறது, தண்ணீர்த் தொட்டியின் நிழல் ஒரு பாய் அகலத்துக்கு விழுந்திருக்கிறது, அதில் நான் மல்லாந்து கிடக்கிறேன், பரீட்சை முடிந்துவிட்டது, மூளையில் ஒரு சூத்திரமும் மிச்சமில்லை, இடுப்பில் போன் அதிர்கிறது. அம்மா. கீழே படுக்கையறையில் என் இரட்டைத் தம்பிகளைத் தூங்கப்போட்டுவிட்டுக் கூப்பிடுகிறாள். திட்டம் இதுதான்: பால், சுடுதண்ணீர், கொசு, எல்லாவற்றையும் கேட்க விட வேண்டும், கடைசியில், ராத்திரி யானை வந்தால் வாசலில் நின்று மூன்று தடவை கூவ வேண்டும் என்று சொல்ல வேண்டும், எங்க, இப்பக் கூவுங்க பாப்போம் என்று பழகவைக்க வேண்டும், அம்மா கூவுவாள், நிச்சயமாகக் கூவுவாள், அப்போது நான் படியில் இறங்கிப்போய் அவள் முன்னால் போனோடு நிற்பேன். அதுதான் சிரிப்பு. பொறுங்கள்.

சவரிமுத்துவின் குரலை நான் இரண்டே தடவைதான் கேட்டிருக்கிறேன், அப்பா ஸ்பீக்கரில் போட்டு வால்பாறை வீட்டுக்குப் பேசி முடித்தபோது. இரண்டு தடவை போதும். ஒரு குரலுக்குக் கைப்பிடி எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் தூக்கிவிடலாம். எங்கள் இயற்பியல் வாத்தியாருக்கு மூக்கில், பழனி பஸ் கண்டக்டருக்குக் கடைசி எழுத்தில், அப்பாவுக்கு ஆரம்பத்தில், எதைச் சொன்னாலும் "அதென்ன பெரிய விசயம்" என்று ஆரம்பிப்பதில். சவரிமுத்துவுக்கு மூச்சில். அவருடைய ஆட்கள் எந்தக் காலத்திலோ திருநெல்வேலிப் பக்கமிருந்து தேயிலைக்கு மலையேறியவர்களாம், பேச்சு மட்டும் இன்னும் ஏறாமல் கீழேயே நிற்கிறது. தாடையை நெஞ்சுக்கு இறக்கி, நாக்கைக் கீழ்ப்பல்லில் ஒட்டவைத்து, பீடியை இழுத்து விட்டதுபோல ஒரு மூச்சை விட்டுவிட்டுப் பேச்சைத் தொடங்க வேண்டும். தொடங்குகிறேன். "ஆமா, மலை வீட்டுச் சவரிமுத்து பேசுதேன், சொல்லுங்க." அந்தப் பக்கம் அம்மா கத்துகிறாள். தூரத்து ஊருக்குப் பேசினால் அம்மா கத்துவாள், வால்பாறை என்றால் நாற்பது கொண்டை ஊசி வளைவுக்கும் சேர்த்துக் கத்துகிறாள். "ஏனுங்ணா, நா தாராபுரத்துல இருந்து பேசறனுங்க! அடுத்த வாரம் வர்றமுங்க! வூட்டுக்காரரு பேசினாருங்களே!" அதே குரல் படிக்கட்டு வழியாகவும் மேலே வருகிறது, அரை நொடி பிந்தி, ஒரு அம்மாவுக்குப் பின்னால் இன்னொரு அம்மா ஓடிவருவதுபோல. போனின் வாயைக் கையால் பொத்திக்கொள்கிறேன். "ஆமாம்மா, மயில்சாமி சார் வீட்டம்மாவா, சொல்லுங்க சொல்லுங்க." "பசங்களுக்குப் பாலு கெடைக்குமுங்களா? பாக்கெட்டுப் பாலு ஒத்துக்காதுங்க!" "மாடே நிக்கிம்மா வாசல்ல." "கொளுருங்களா?" "காலம்பற கொஞ்சம் இருக்கும். இப்பம் காப்பி பூத்துக் கெடக்கு, வாசம் மல்லியப்பூ மாதி இருக்கும், பிள்ளையள்லாம் சந்தோசப்படும்." காப்பிப் பூவை நான் என் வாழ்க்கையில் பார்த்ததில்லை. அப்பாவின் போனில் அவர் சொல்லிக் கேட்டதைத்தான் சொல்கிறேன், ஆனால் சொல்கிறபோது மூக்கில் ஏதோ வாசம் வருகிறது. குரல் பொய், வாசம் நிஜம். சரி, போகட்டும்.

"அப்பறமுங்ணா," என்கிறாள் அம்மா, "வெள்ளிக்கெழம மேக்க சூலமுங்க. நாங்க வெல்லம் தின்னுட்டுக் கெளம்பிருவமுங்க. திரும்பி வரப்ப அங்கிருந்து கெழக்க வரோணும், அது திங்கக்கெழமைங்க, தயிரு கெடைக்குமுங்களா?" நான் உதட்டைக் கடிக்கிறேன். எந்தக் கிழமை எந்தத் திசைக்குப் போகக்கூடாது என்கிற இந்தச் சூலக் கணக்கில் அம்மா எமனையே நிறுத்திவைப்பாள், கெழக்க சூலமுங்க, நாளைக்கு வாங்க என்று. சவரிமுத்துவுக்குச் சூலம் தெரியுமா? தெரியாது, அவர் கோயிலில் சிலுவை. "எங்க வேதத்துல சூலம் கெடையாதும்மா, ஆனா தயிருக்கு எல்லா வேதத்துலயும் எடமுண்டு" என்கிறேன். சொல்லிவிட்டு எனக்கே கைதட்டத் தோன்றுகிறது. அம்மாவும் சிரிக்கிறாள், பெரிய சிரிப்பில்லை, மரியாதைக்குச் சிரிக்கிற சிரிப்பு, வெளி ஆட்களிடம் மட்டும் வருவது. என்னிடம் இந்தச் சிரிப்பு கிடையாது. என்னிடம் "போடி" என்பாள். அம்மாவின் குரலை மட்டும் நான் செய்ததில்லை. செய்து பார்த்தேன், வரவில்லை, எங்கே பிடிப்பது என்று தெரியவில்லை. "வளைவுல வாந்தி எடுப்பானுங்களாங்க? நாப்பது வளைவுன்னு சொல்றாங்க. ஒருத்தன் எடுத்தா இன்னொருத்தனும் எடுப்பானுங்க. ரெட்டப் பசங்க." நாற்பது தடவை ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் ஒன்றுமில்லை. அப்பா ஓட்டுவார், அதென்ன பெரிய விசயம் என்று ஓட்டுவார், பின்சீட்டில் நானும் அம்மாவும் நடுவில் அவர்கள் இரண்டு பேரும். இந்தப் பயணத்துக்கே காரணம் சின்னவன்தான், அதாவது ஏழு நிமிஷம் சின்னவன், இதே மாடியில் ஒரு சாயங்காலம் என் தோளில் உட்கார்ந்துகொண்டு தென்மேற்கே நீலமாகக் கோடு இழுத்தாற்போல் கிடந்த மலையைக் காட்டி, "அக்கா, அது எப்ப எந்திரிக்கும்?" என்றான். தூங்குகிறது என்று நினைத்துவிட்டான். அப்பா அதைக் கேட்டுவிட்டு, பரீட்சை முடியட்டும், எல்லாரும் போய் எழுப்பிடலாம் என்றார். ஐந்து பேராக ஒரு ராத்திரிகூட வெளியூரில் தங்கினதில்லை நாங்கள். யோசித்துப் பார்த்தால் இல்லை. நான்கு பேராகவும் இல்லை, மூன்று பேராக மட்டும் போயிருக்கிறோம், அது அந்தக் காலம், நான் ஒற்றைப் பிள்ளையாக இருந்த காலம்.

"எலுமிச்சம் பழத்த மோந்துக்கிட்டு வரச் சொல்லுங்க, வாந்தி வராது" என்கிறேன். யானையைக் கொண்டுவர இதுதான் நேரம். வாந்திக்குப் பிறகு யானை சரியாக இருக்கும். ஆனால் குரலுக்கென்று ஒரு ஒழுங்கு இருக்கிறது, சவரிமுத்து எடுத்தவுடன் யானைக்குப் போகமாட்டார், ஆளைக் கேட்பார், எத்தனை பேர் என்று கேட்பார், கேட்டால்தானே அரிசி போட முடியும். நான் ஒன்றும் திட்டமிடவில்லை, தாடை கீழே இருக்கிறது, மூச்சு பீடி மாதிரி வருகிறது, வாய் தானாகக் கேட்கிறது. "எத்தன பேரும்மா வாறிய?" "நானு, வூட்டுக்காரரு, ஒரு பொண்ணு, ரெண்டு பசங்கங்க. பசங்களுக்கு மூணர வயசு ஆகுது." "செரி, செரி. பேரப்பிள்ளையளாக்கும்?" கேட்டு முடித்த பிறகுதான் கேட்டதே எனக்குத் தெரிகிறது. ஏன் கேட்டேன்? ஏனென்றால் அவர் கேட்டிருப்பார். எல்லாரும் கேட்கிறார்கள். ஊசி போடுகிற நர்ஸ் கேட்டாள், சந்தையில் தக்காளிக்காரர் கேட்டார், அம்மாவின் நரைத்த முன்முடியைப் பார்த்துவிட்டு, இடுப்பில் ஒன்று கையில் ஒன்று என்று நிற்பதைப் பார்த்துவிட்டு, பேரனுங்களா என்று பிரியமாகத்தான் கேட்கிறார்கள், பிரியமாகக் கேட்பதால் கோபித்துக்கொள்ளவும் முடியாது. ஆனால் சவரிமுத்துவுக்கு முடி தெரியாதே, போனில் நரை தெரியாதே. அம்மாவின் குரலை வைத்துக் கேட்பாரா? கேட்பார். கேட்கமாட்டார். எனக்குத் தெரியவில்லை. கீழே மின்விசிறி சுற்றுவது போனில் கேட்கிறது. பிறகு, "ஆமாங்க," என்கிறாள். "பேரனுங்கதானுங்க."

இதைச் சிரிப்பில் சேர்ப்பதா வேண்டாமா? சேர்க்கலாம். பள்ளிக்கூடத்தில் சொன்னால் பெஞ்சைத் தட்டிச் சிரிப்பார்கள், எங்கம்மா எந்தம்பிகளைப் பேரனுங்கன்னு சொல்லிட்டாங்கடி. சுலபமாகச் சொல்லியிருக்கிறாள், அது ஆச்சரியம், பழகின கை காசு எடுத்துக் கொடுக்கிற மாதிரி எடுத்துக் கொடுத்தாள். அப்படியானால் இது முதல் தடவை இல்லை. தக்காளிக்காரரிடமும் இதையேதான் சொல்லியிருப்பாளா? நர்ஸிடம் முடியாது, அங்கே தடுப்பூசி அட்டையில் அம்மா பெயர் இருக்கிறது. அம்மாவுக்கு வயிறு தெரிய ஆரம்பித்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. வளைகாப்பு வேண்டவே வேண்டாம் என்றுவிட்டாள், ரெண்டாவதுக்கெல்லாம் யாரு போடறா என்றாள். தாராபுரத்தில் நான்கு ஆஸ்பத்திரி இருக்கக் காரில் கோயமுத்தூருக்குப் போய்ப் பார்த்துக்கொண்டாள், ரெட்டைங்கறதால என்றாள். எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் வைத்திருந்தாள், நல்ல காரணங்கள், நான் அப்படியே வாங்கி வைத்துக்கொண்டேன். தொட்டியிலிருந்து ஒரு சொட்டு விழுகிறது, விழுந்த இடம் உடனே காய்கிறது. அடுத்த சொட்டுக்காகக் காத்திருக்கிறேன், விழவில்லை. சவரிமுத்து காத்திருக்கமாட்டார், போனில் மௌனம் அவருக்குப் பிடிக்காது, ஏதாவது பேசுவார். எனக்குத் தெரியும் அவர் அடுத்து என்ன கேட்பார் என்று, எனக்கு வேண்டாம், ஆனால் பள்ளத்தில் விட்ட சைக்கிள் மாதிரி அது போகிறது. "அப்பம் கூட வருத அந்தப் பொண்ணுதான் பிள்ளையளுக்கு அம்மாவா?" "இல்லீங்க!" அம்மா கத்திவிட்டாள். படிக்கட்டு வழியாகவும் அது வந்துவிட்டது. "இல்லீங்ணா, அவ படிக்கற புள்ள, பதனொண்ணு எழுதியிருக்கறா. அவளுக்கும் அதுக்கும் ஒண்ணுமில்லீங்க. பசங்க எம் பசங்கதானுங்க. நாம் பெத்ததுங்க. சும்மா சொன்னனுங்க மொதல்ல. வயசு போயிப் பெத்தது, நாப்பதுல. எதுக்கு எல்லார்த்துக்கும் சொல்லீட்டுன்னு பேரனுங்கன்னு சொல்லிப் போடறது."

அரை நிமிஷம்கூட இருக்காது, பாட்டியாக இருந்தாள், நான் மாட்டிக்கொள்கிறேன் என்று தெரிந்ததும் அந்த வேஷத்தை உதறி எழுந்துவிட்டாள். நான் வேடிக்கை பார்க்கிறேன். நிஜமாகவே வேடிக்கைதான் பார்க்கிறேன், யாரோ ஒரு சவரிமுத்துவிடம் யாரோ ஒரு அம்மா பேசுகிறாள், இடையில் போன் கம்பி மாதிரி நான் இருக்கிறேன், கம்பிக்கு என்ன. "அதுக்கென்னம்மா, பிள்ளை பிறக்க வயசு உண்டுமா" என்று சவரிமுத்து சொல்கிறார், நல்ல மனுஷர், எனக்கு இப்படிச் சொல்லத் தோன்றியிருக்காது. அம்மா குரலைத் தாழ்த்துகிறாள். படிக்கட்டில் வந்துகொண்டிருந்த இன்னொரு அம்மா நின்றுவிட்டாள், போனுக்குள் இருப்பவள் மட்டும்தான் மிச்சம், காதுக்குள்ளேயே உட்கார்ந்து பேசுகிறாள். "எனக்கொண்ணும் இல்லீங்ணா, எனக்குப் பழகிப் போச்சு. அந்தப் புள்ளைக்குத்தானுங்க. போன ஆடில திருமூர்த்தி மலைக்குப் போயிருந்தமுங்க, அங்க அருவிகிட்ட ஒரு பொம்பள இவகிட்டப் போயி, ரெட்டப் புள்ளயா கண்ணு, இத்தன சின்ன வயசுல பெத்துட்டியேன்னு கேட்டுப் போட்டாங்க. இவ ரெண்டு பேரையும் ரெண்டு இடுப்புல வெச்சுட்டு நின்னாளுங்க." ஓ, அதுவா. அது நல்ல கதை. அந்தப் பெண்ணுக்குக் கைப்பிடி தொண்டைக்கும் மூக்குக்கும் நடுவில், 'கண்ணூ' என்று ஊதுவாள். நான் அவளுக்கு அப்போதே பதில் கொடுத்தேன், பெரிய மனுஷி குரலில், ஏனுங்க்கா கேக்கறீங்க, ராத்திரியெல்லாம் தூக்கமே இல்லீங்க்கா என்று. அப்பா சிரித்துச் சிரித்துப் பாறையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு ஒரு மாதம் அந்தப் பெண் என் வாயில் ஏறி எங்கள் வீட்டில்தான் இருந்தாள், சாப்பாட்டு நேரத்துக்கெல்லாம் வருவாள், கண்ணூ, ரெட்டப் புள்ளயா கண்ணூ. அம்மா சிரித்தாளா? ஞாபகமில்லை. சோறு போட்டுக்கொண்டிருந்திருப்பாள்.

"அவ சிரிச்சுத்தானுங்க போட்டா," என்கிறாள் அம்மா. "எல்லாத்தையும் சிரிச்சுப் போடுவா. எல்லார்த்து மாதிரியும் பேசுவாளுங்க, அப்படியொரு வாயி. ஆனா அன்னைல இருந்து வெளிய போனா அவனுங்களத் தூக்கறதில்லீங்க. வூட்டுக்குள்ளயும் மாடிலயும் தூக்குவா, தோள்ல போட்டுட்டுத் திரிவா. வாசப்படி தாண்டினா எறக்கி வுட்டுருவா. அவளுக்கே தெரியுமோ என்னமோ, நாங் கேட்டதில்லீங்க." பொய். இது பொய். இல்லாததைச் சொல்கிறாள், வெளி ஆளிடம் கதை வேண்டும் என்று சொல்கிறாள். போன மாதம் சந்தைக்குப் போனோம், நான் பையைத் தூக்கினேன், பை கனமாக இருந்தது. பல் டாக்டரிடம் போனோம், நான் முன்னால் போய் டோக்கன் வாங்கினேன், யாராவது வாங்கித்தானே ஆக வேண்டும். தேரோட்டத்தன்று கூட்டம், நான் செருப்பைக் காவல் காத்தேன். செருப்பை. மாரியம்மன் கோயில் வாசலில் முழுத் தேரும் போகிற வரைக்கும் நான் ஐந்து ஜோடிச் செருப்பின் பக்கத்தில் நின்றேன், அம்மா இரண்டு பேரையும் மாற்றி மாற்றித் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தாள், அப்பா பூட்டி நிறுத்தின காரைப் பார்க்கப் போயிருந்தார். யாரும் செருப்பைத் திருடுவதில்லை எங்கள் ஊரில், எனக்கு அது தெரியும். பை, டோக்கன், செருப்பு. பஸ் ஸ்டாண்டில்? பஸ் ஸ்டாண்டில் நான் எப்போதும் பத்தடி முன்னால் நடப்பேன், நடை எனக்கு வேகம். எப்போதிலிருந்து வேகம்? திருப்பிப் பார்க்கிறேன், ஒரு இடுப்பாவது கிடைக்கிறதா என்று. எல்லா இடத்திலும் என் கையில் ஏதோ ஒன்று இருக்கிறது, அவர்கள் இல்லை. அம்மா இதையெல்லாம் பார்த்துக்கொண்டே பின்னால் வந்திருக்கிறாள், ஒன்றை இடுப்பிலும் ஒன்றைக் கையிலும் வைத்துக்கொண்டு.

"கேக்குதுங்களாண்ணா?" "கேக்கும்மா. சொல்லுங்க." மூச்சை விட மறந்துவிட்டேன், அவசரமாக ஒரு பீடி மூச்சு விடுகிறேன். "அதுக்குத்தானுங்க கூப்புட்டேன். பாலெல்லாம் நா எப்படியோ பாத்துக்குவனுங்க. அந்தப் புள்ளைக்கு மட்டும் தனியா ஒரு ரூம்பு கெடைக்குமுங்களா? கொஞ்சம் தள்ளி. எங்ககூட வந்தவன்னு அங்க தங்கறவிய யாருக்கும் தெரியாத மாதிரி. நாங்கேட்டன்னு அவளுக்குத் தெரியப்படாதுங்க, ரூம்பு பத்தலைன்னு நீங்களே சொல்றாப்பல சொல்லிருங்க. அவ நல்லா ஊரு சுத்திப் பாக்கட்டும், போட்டோ எடுக்கட்டும், பசங்க பக்கமே வர வேண்டாம். யாரும் ஒண்ணும் கேக்காம மூணு நாளு இருந்துட்டு வரட்டும், அவ்வளவுதானுங்க." என்னை ஏமாற்ற என்னிடமே ஆள் கேட்கிறாள். இவ்வளவு நல்ல கட்டம் எனக்கு இனி ஜென்மத்துக்கும் கிடைக்காது, யானை இதன் முன்னால் எலி. சரிம்மா என்று சொல்லிவிட்டால் போதும். அங்கே போய் இறங்குவோம், நிஜச் சவரிமுத்துவுக்கு ஒன்றும் தெரியாது, அம்மா கண்ணைக் காட்டுவாள், அவர் விழிப்பார், நான் ஓரமாக நின்று பார்ப்பேன், அம்மா மறுபடியும் கண்ணைக் காட்டுவாள். சரிம்மா என்று சொல்ல வேண்டும். அந்த ரூம் எப்படி இருக்கும்? ஒரு கட்டில், ஒரு சன்னல், சன்னலில் தேயிலை. சுவருக்கு அந்தப் பக்கம் நான்கு பேர் ஜமுக்காளத்தை விரிப்பதற்குச் சண்டை போடுகிற சத்தம் கேட்கும். காலையில் வராந்தாவில் யாரோ ஒரு குடும்பம் பல் துலக்கும், இரட்டைப் பையன்கள், வயதான அம்மா, நான் தள்ளி நின்று போட்டோ எடுப்பேன். மலை எழுந்ததா என்று சின்னவன் யாரிடம் கேட்பான்? "தனி ரூமெல்லாம் கெடையாதும்மா," என்கிறார் சவரிமுத்து.

"மூணு ரூம்பு இருக்குதுன்னு வூட்டுக்காரரு சொன்னாருங்களே?" "ஒண்ணுல கூரை ஒழுகுது." "பங்குனில எங்கீங்க மழ?" "மலைல மழைக்கி மாசம் கெடையாதும்மா." "செரி, இன்னொண்ணு?" "அதுல ஒரு வெள்ளக்காரம்மா வந்து கெடக்கா. பாம்பப் பத்திப் படிக்காளாம்." வெள்ளைக்காரி எங்கிருந்து வந்தாள் என்று எனக்கே தெரியவில்லை, வந்துவிட்டாள், பாம்போடு. அம்மா யோசிக்கிறாள். அம்மா யோசித்தால் நாக்கைத் தட்டுவாள், தட்டுகிறாள். "அப்ப அந்த ஒழுகற ரூம்பையே குடுத்துருங்ணா. ஒரு குண்டாவ வெச்சுட்டுப் படுத்துக்குவா, சின்னப் புள்ளதான, எங்க போட்டாலும் தூங்கிருவா." "தூங்க மாட்டா," என்கிறேன். தாடை நெஞ்சில்தான் இருக்கிறது, நாக்கு பல்லில்தான் இருக்கிறது, எல்லாம் சரியாகத்தான் வைத்திருக்கிறேன். "அதெப்படீங்க?" "தனியாப் போட்டா தூங்க மாட்டாம்மா. அகிலன் அவ வயித்துமேல காலத் தூக்கிப் போட்டாத்தான் அவளுக்குத் தூக்கம் வரும்." வெயில் தொட்டியின் நிழலைத் தின்று என் கால் விரலுக்கு வந்துவிட்டது, சுடுகிறது, நான் காலை மடக்கவில்லை. மடக்கினால் கொலுசு சத்தம் போடும். கீழே விசிறி சுற்றுகிறது, கட்டில் ஒரு தடவை முனகுகிறது, யாரோ புரண்டு படுத்திருக்கிறான். அம்மா இந்தப் பேச்சில் ஒருத்தன் பெயரையும் சொல்லவில்லை. பசங்க என்றாள், அவனுங்க என்றாள், முதலிலிருந்து ஓட்டிப் பார்க்கிறேன், சொல்லவேயில்லை.

"ஏனுங்ணா," என்கிறாள் அம்மா, மெதுவாக. "சொல்லுங்கம்மா." "காலப் போடறது அகிலனா, முகிலனா? எனக்கே கொழம்புதுங்க." "அகிலன்மா. முகிலன் செவுத்தப் பாத்துட்டுத்தான படுப்பான், தொட்டாலே ஒதைப்பான்." சவரிமுத்துவின் பேச்சு எங்கே போயிற்று என்று பார்க்கிறேன், எங்கேயும் இல்லை, பாதி வழியில் இறங்கிப் போய்விட்டார். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற மாதிரி ஒரு சத்தம், சிரிப்பை அடக்கினாலும் அதே சத்தம்தான் வரும், எதுவென்று என்னால் பிரிக்க முடியவில்லை, இத்தனை குரல் பிரிக்கத் தெரிந்த என்னால். பிறகு வெளி ஆளிடம் பேசுகிற அதே மரியாதையோடு, "செரிங்ணா," என்கிறாள். "அப்ப ஒரே ரூம்பு போதுமுங்க. எங்க அஞ்சு பேர்த்துக்கும் சேத்தி. அப்பறம், மாடில ஒரு புள்ள வெய்யில்ல கெடக்கறா. எறங்கி வரச் சொல்லுங்க. ரெண்டு பேரும் எந்திரிச்சுட்டானுங்க, கடைக்குப் போகோணும், ஒருத்தன அவதான் தூக்கோணும்."